முட்டையில்லா மயோனைஸில் கொண்டைக்கடலை நீரும் தேயிலைத் துவர்ப்பும்

பச்சை முட்டையில் அடிக்கும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது. கேரளம் 2023லும் தெலங்கானா 2024லும் முன்பே தடுத்திருந்தன. சால்மோனெல்லா பயம் நியாயமானது. மதியம் அடித்த மயோ இரவு பத்து மணி வரை அடுப்பு வெக்கையில் இருக்கும்போது அந்தக் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? திருச்சியில் தம்பி நடத்தும் சின்ன ஷவர்மா கடையும் உடனே பாக்கெட் மயோவுக்கு மாறியது. பாக்கெட்டில் குறை ஒன்றும் இல்லை. ஸ்டார்ச்சும் சாந்தன் பிசினும் சேர்த்து நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஆனால் வாயில் வைத்தால் எண்ணெயின் வழவழப்புக்குப் பதில் கஞ்சியின் கொழகொழப்புதான் முதலில் தெரிகிறது. முட்டையும் வேண்டாம், ஸ்டார்ச்சும் வேண்டாம், பருப்புப் புரதத்தையும் ஒரு துவர்ப்புச் சாற்றையும் மட்டும் வைத்து எண்ணெயைக் கட்டிப்போட முடியுமா என்று பார்க்கத் தொடங்கினேன். உணவு வேதியியல் படித்தவள் என்பதால் புத்தகத்தில் பார்த்ததை மிக்ஸி ஜாடியில் பார்க்கும் ஆசையும் சேர்ந்துகொண்டது.

மயோனைஸ் என்பது தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் நெருக்கியடித்து நிற்கும் பால்மம். ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு ஒழுங்காக அடுக்கினாலும் மொத்த இடத்தில் 74 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது. நல்ல மயோவின் எண்ணெய் அளவு அந்த எல்லையை ஒட்டியே இருக்கும். அவ்வளவு நெருக்கத்தில் துளிகள் மேலே மிதந்து போக இடமே கிடையாது. எனவே பால் மேல் ஆடை மிதப்பது மாதிரியான பிரிவு இங்கே பெரிய ஆபத்து இல்லை. பக்கத்துப் பக்கத்துத் துளிகள் தோலை உடைத்துக்கொண்டு ஒன்றாவதுதான் ஆபத்து. அப்படி ஆகிவிட்டால் கிண்ணத்தின் மேல் மஞ்சள் எண்ணெய் நிற்கும். ஒவ்வொரு துளியையும் சுற்றியிருக்கும் தோல் எவ்வளவு உறுதி என்பதுதான் கேள்வி.

முட்டையின் மஞ்சள் கருவில் லெசித்தினும் கொழுப்புப் புரதங்களும் சேர்ந்து அந்தத் தோலைப் போடுகின்றன. பருப்புப் புரதமும் போடும், ஆனால் மெலிசாகப் போடும். அங்கேதான் பாலிபீனால் வருகிறது. தேயிலை, கடுக்காய், மாதுளம் தோல், நெல்லி என்று எதைக் கடித்தாலும் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்புக்குக் காரணம் பாலிபீனால்கள் உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பிடித்துக் கட்டுவது. டீயில் பால் ஊற்றியதும் துவர்ப்பு அடங்குவதும் இதனால்தான்: பாலில் உள்ள கேசின் என்ற புரதம், டீயில் உள்ள டானின் என்ற பாலிபீனால் வகையைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு பாலிபீனால் மூலக்கூறுக்குப் பல கைகள் உண்டு. பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று புரதங்களை ஒரே நேரத்தில் பிடிக்கும். துளியின் தோலில் இருக்கும் புரதங்களை அது பிடித்தால் தோல் கெட்டிப்படும். தண்ணீரில் மிதக்கும் புரதங்களையே பிடித்துத் திரட்டிவிட்டால் தோல் போட ஆளே இல்லாமல் போகும். இந்த இரண்டில் எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பவை அளவு, வரிசை, அமிலம் ஆகிய மூன்றும்தான்.

புரதத்துக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த நீரை எடுத்தேன். பிரான்ஸில் 2014ல் ஜோயல் ரோசெல் என்பவர் இந்த வகை நீர் முட்டை வெள்ளை போல நுரைப்பதைக் கவனித்து வெளியிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கூஸ் வோல்ட் அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார். நம் வீட்டுச் சமையலறையில் வடித்துக் கொட்டும் அதே தண்ணீர்தான். கடலையை இரவு ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குக்கரில் வேகவைத்து, கடலையோடே ஆறவிட்டு வடித்தேன். பிறகு அந்த நீரைப் பாதியாகச் சுண்ட வைத்தேன். ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்தால் விரலில் இழுபடும் பதத்துக்கு வந்துவிடும். பட்டாணிப் புரதப் பொடியையும் கரைத்துப் பார்த்தேன். பச்சை வாடையும் நாக்கில் மணல் போன்ற நறநறப்பும் போகவில்லை, விட்டுவிட்டேன்.

ஒன்று முக்கியம்: கடலை வேக ஆப்ப சோடா போடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வேலைக்கு அதைத் தவிர்க்க வேண்டும். காரத்தில் பாலிபீனால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து குயினோனாக மாறும். அது புரதத்தை விடாப்பிடியாகப் பிடிக்கும், பிரிக்கவே முடியாது. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் நிறம் போய்விடும். சோடா போட்ட கடலை நீரில் கிரீன் டீ ஊற்றினால் டம்ளர் கண்ணெதிரே பழுப்பாகி, பிறகு செம்பழுப்பாகும். சூரியகாந்தி விதை மாவில் சோடா போட்டுச் சுட்டால் பிஸ்கட் பச்சையாக வருவதற்கும் இதே வேதியியல்தான், அங்கே பாலிபீனாலின் பெயர் குளோரோஜெனிக் அமிலம். வெள்ளை மயோ வேண்டும் என்றால் காரம் கூடாது.

துவர்ப்புக்கு இரண்டு சாறுகள். ஒன்று நீலகிரி கிரீன் டீ: 5 கிராம் இலை, 80 டிகிரி சூட்டில் 100 மி.லி. தண்ணீர், ஐந்து நிமிடம், வடிகட்டி நன்றாக ஆறவிட வேண்டும். தேயிலையின் உலர் எடையில் கால் பங்கு பாலிபீனால் என்றும், அதில் பாதி நீரில் இறங்கியது என்றும் வைத்துக்கொண்டால் 10 மி.லி.யில் சுமார் 60 மி.கி. இருக்கும். இன்னொன்று கடுக்காய்: கொட்டை நீக்கிய தோலின் பொடி 1 கிராம், அதே 100 மி.லி. வெந்நீர். சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்று சொல்வார்கள் அல்லவா, கொட்டையை எடுத்துவிடுவதுதான் வழக்கம். கடுக்காயின் டானின்கள் தேயிலையில் உள்ள கேட்டசின் என்ற பாலிபீனால்களைவிடப் பெரிய மூலக்கூறுகள், கைகளும் அதிகம். எனவே கொஞ்சமே போதும்.

இரண்டையும் எவர்சில்வரில்தான் காய்ச்ச வேண்டும். இரும்புச் சட்டியில் கடுக்காய் நீர் ஊற்றினால் ஓரத்தில் கருநீலம் படரும். டானினும் இரும்பும் சேர்ந்தால் வரும் கறுப்பு அது. பழைய எழுது மைகளில் ஒரு பெரிய வகையே அந்தக் கறுப்பை நம்பித்தான் இருந்தது.

மயோவுக்குப் போகும் முன் வெறும் தண்ணீரில் ஒரு சோதனை செய்தேன். இதைச் செய்யாமல் அளவைப் பிடிக்கவே முடியாது என்று நினைக்கிறேன். கடலை நீரை ஒன்றுக்குப் பத்து கலந்து, பின்னால் வைத்த செய்தித்தாள் எழுத்து தெரியும் அளவுக்குக் கண்ணாடி டம்ளரில் எடுத்துக்கொண்டேன். அறை விளக்கை அணைத்துவிட்டு டம்ளரின் பக்கவாட்டில் செல்போன் டார்ச். கடுக்காய் நீரை மருந்துக்கடை ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதல் சில சொட்டுகளில் டார்ச் வெளிச்சத்தின் பாதை கொஞ்சம் பளிச்சென்று ஆனது, எழுத்து இன்னும் படிக்க முடிந்தது. இன்னும் விட, நீர் முழுக்க வெண்மூட்டம். எழுத்து மங்கியது. அதற்கும் மேல் விட்டதும் மூட்டத்துக்குள் துகள் துகளாகத் திரிந்து, சிறிது நேரத்தில் வெளிர்பழுப்புப் பொருக்குகள் அடியில் தங்க, மேல் நீர் தெளிந்துவிட்டது. தெளிந்தது நல்ல அறிகுறி இல்லை. புரதத்தில் பெரும்பகுதி அடியில் போய்விட்டது என்று அர்த்தம். எனக்கு வேண்டியது முதல் கட்டம் மட்டும்: வெளிச்சப் பாதை தெரிய வேண்டும், எழுத்து மறையக் கூடாது.

அதே சோதனையில் கிரீன் டீ மெதுவாக நகர்ந்தது. மூட்டம் வரக் கடுக்காயைவிட நிறையவே விட வேண்டியிருந்தது. வீட்டுச் சமையலுக்கு இந்த மெத்தனம் ஒரு வரம். ஒரு ஸ்பூன் கூடக் குறைய ஆனாலும் கலவை கெட்டுப்போகாது. டீ சூடாக இருக்கும்போது ஊற்றினால் மூட்டம் தாமதமாக, ஆறிய பிறகு வரும். பாலிபீனாலையும் புரதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் தளர்ந்திருக்கும். அதனால் சூட்டில் பார்த்து அளவு சரி என்று முடிவு செய்யக் கூடாது. எல்லாமே அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் கலப்பது.

அடுத்தது வரிசை. துவர்ப்புச் சாற்றைக் கடலை நீரில் முதலில் கலந்து பிறகு எண்ணெய் விடலாம். அல்லது கடலை நீரிலேயே எண்ணெயை அடித்து முடித்து, கடைசியில் சாற்றைச் சேர்க்கலாம். இரண்டும் ஒரே பொருள், ஒரே அளவு. ஆனால் வந்த மயோ வேறு வேறு.

முதலில் கலந்தது ஊற்றும் பதத்தில், பளபளப்பாக வந்தது. ஒரு துளியைத் தண்ணீரில் கலக்கி ஃபோல்ட்ஸ்கோப்பில் பார்த்தேன். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கி அது. சுமார் 140 மடங்கு பெரிதாக்கும், பால்மத் துளிகளைப் பார்க்க அதுவே போதும். துளிகள் சின்னதாக, தனித்தனியாக மிதந்தன. கடைசியில் சேர்த்ததில் துளிகள் அளவில் அதே மாதிரிதான், ஆனால் திராட்சைக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றாகிப் பெரிதாகவில்லை, ஒவ்வொன்றும் தன் வட்டத்தோடு இருந்தது. பாலிபீனால் இரண்டு துளிகளின் தோலுக்கு நடுவே பாலம் போட்டிருக்கிறது. கிண்ணத்தில் அது தெரிந்த விதம்: கடுக்காய் நீர் 5 மி.லி. விட்டுக் கலக்கிய சில நிமிடங்களிலேயே மயோ இறுகி, ஸ்பூன் நட்டால் சாயாமல் நின்றது. ஸ்டார்ச் இல்லாமல் இந்தக் கெட்டி கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் 10 மி.லி.க்குப் போனதும் மறுநாள் ஓரத்தில் தண்ணீர் கசிந்து நின்றது. பாலங்கள் அதிகமாகி வலை சுருங்கி, நடுவே இருந்த நீரை வெளியே தள்ளிவிடுகிறது. பரோட்டா ரோலுக்குள் தடவ இறுகிய மயோ நல்லது, சாலட்டுக்கு ஊற்றும் பதம் நல்லது. எனவே இரண்டு வரிசையுமே வேண்டியவைதான்.

எலுமிச்சைதான் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது. மயோவுக்குப் புளிப்பு ருசிக்காக மட்டும் இல்லை. புளிப்பை அளக்கும் பி.எச். எண் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4க்குக் கீழே இருந்தால்தான் கிருமிகளுக்கு எதிரான காப்பு ஓரளவாவது இருக்கும். ஆனால் பருப்புப் புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கு பி.எச். 4.5ஐ ஒட்டிய இடத்தில் மின்னூட்டம் பூஜ்யமாகிவிடும். அதுவரை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த துளிகள் தள்ளுவதை நிறுத்திவிடும். பாலிபீனால் மிக இறுக்கமாகப் பிடிப்பதும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். அதாவது ஆபத்தான இடம் இரண்டு மடங்கு ஆபத்தாகிறது. திருநெல்வேலிச் சொதியில் அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகே எலுமிச்சை பிழிவார்கள். தேங்காய்ப்பாலின் புரதமும் புளிப்பில் திரியும், சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாகத் திரியும் என்பதை அந்தக் கைப்பழக்கம் நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறது.

பி.எச். தாளோடு பார்த்தபோது, 5 மி.லி. சாறு சேர்த்த கலவை 4.5ஐ ஒட்டி நின்றது. அந்த மயோ நுரைத்துப் போன தயிர் மாதிரி தரிதரியாக இருந்தது. 12 மி.லி. சேர்த்ததும் தாள் 3.5ஐக் காட்டியது, தரி குறைந்து மறுபடி வழவழப்பு வந்தது. பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் போனதும் புரதத்துக்கு நேர்மின்னூட்டம் ஏறி, துளிகள் மறுபடி தள்ளத் தொடங்குகின்றன. புளிப்பைக் குறைத்தால் பாதுகாப்பு என்று நினைப்போம். இங்கே அரைகுறைப் புளிப்புதான் கெடுதல்.

இன்னொரு விஷயம் ஊற்றும் வேகம். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எலுமிச்சையையும் அப்படியே விட்டால் கலவை 4.5லேயே நெடுநேரம் நின்று திரிகிறது. ஹேண்ட் பிளெண்டர் முழு வேகத்தில் ஓடும்போது மொத்தச் சாற்றையும் ஒரே மூச்சில் ஊற்றினால் அந்த இடத்தைச் சட்டென்று கடந்துவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: மெதுவாக விட்டதில் ஸ்பூன் முதுகில் மணிமணியாக ஒட்டும், வேகமாக விட்டதில் படலமாக வழியும். உப்பும் கடைசியில்தான். உப்பு மின்னூட்டத்தை மறைத்துவிடும், முதலிலேயே போட்டால் துளிகள் உருவாகும்போதே ஒட்டத் தொடங்கும்.

ருசிக்கு என் நாக்கை மட்டும் நம்பவில்லை. கடை மாஸ்டரிடம் மூன்று கிண்ணங்களைக் கொடுத்தேன். கடுக்காய் அதிகமாகப் போனதை ஒரு விரல் தொட்டு வைத்தவர், “அக்கா, இது நாக்க இழுக்குதே, வெத்தல பாக்கு போட்டாப்ல” என்றார். கிரீன் டீ கலந்ததில் டீ இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பதில் எனக்கு ஒரு அளவீடு. துவர்ப்பு தெரிகிறது என்றால் புரதத்தோடு சேராமல் மீந்த டானின் இருக்கிறது, அளவைக் குறைக்கலாம். துவர்ப்பே தெரியவில்லை, ஆனால் மயோ கட்டுவிடாமல் இருக்கிறது என்றால் சேர்த்தது எல்லாம் வேலையில் இருக்கிறது. ஆய்வுக்கூடக் கருவி இல்லாத இடத்தில் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

தாக்குப்பிடிக்கும் சோதனைக்கு டீ சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டு சிறு பாட்டில்களை 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தேன். சேர்க்காததில் மேலே விரல் கனத்துக்கு எண்ணெய் நின்றது. சேர்த்ததில் கண்ணாடி ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு மட்டும். இன்னொரு ஜோடியை, சாப்பிட அல்ல, முகர்ந்து பார்க்க மட்டும், வெயில் விழும் ஜன்னலில் வைத்தேன். சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் அதிகம், வெளிச்சத்தில் சீக்கிரம் காறும். டீ இல்லாத பாட்டிலில் சிக்கு வாடை முதலில் ஏறியது. டீ கலந்தது அப்போதும் எலுமிச்சை மணத்தோடு இருந்தது. எண்ணெய் காறத் தொடங்குவது துளியின் தோலில்தான், பாலிபீனால் உட்கார்ந்திருப்பதும் அங்கேயே. கெட்டியாக்கும் பொருளாக மட்டும் இதைப் பார்ப்பது போதாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். சாந்தன் கெட்டியாக்கும், ஆனால் காறலைத் தடுக்கும் இந்த வேலையை அது செய்யாது.

இப்போது வீட்டில் செய்யும் அளவு இது. சுண்டிய கடலை நீர் 60 மி.லி., ஆறிய கிரீன் டீ 10 மி.லி., கடுகுப் பொடி அரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு சிட்டிகை. இவற்றைப் பிளெண்டர் தலை மட்டும் நுழையும் குறுகிய ஜாடியில் கலந்து பத்து நிமிடம் விட வேண்டும். டீயும் புரதமும் சேர அந்த நேரம் தேவை. கடுகின் பசையும் பால்மத்துக்கு உதவுகிறது, மணத்துக்கு மட்டும் இல்லை. பிறகு பிளெண்டரை ஓட்டிக்கொண்டே ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் 220 மி.லி., முதல் கால் பங்கு நூலாக, மீதியைக் கொஞ்சம் வேகமாக. கெட்டியானதும் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 12 மி.லி. ஒரே ஊற்றாக, கூடவே உப்பு அரை டீஸ்பூன். இறுகிய பதம் வேண்டும் என்றால் டீயை விட்டுவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு கடுக்காய் நீர் 5 மி.லி.யைக் கரண்டியால் கலக்கி, கால் மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். செக்கு நல்லெண்ணெயில் செய்தால் அதன் வாசனை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். கடலை எண்ணெய் பரவாயில்லை, மிளகாய்த்தூள் சேர்த்த மயோவுக்குப் பொருந்துகிறது.

ஷவர்மாவுக்குப் பூண்டு வேண்டும் என்று தம்பி கேட்டான். லெபனான் பக்கத்தில் செய்யும் ‘தூம்’ என்ற பூண்டுக் கலவை, பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு மட்டும் கொண்டு முட்டையே இல்லாமல் கட்டப்படுவதுதான், எனவே பூண்டு இந்தக் கலவைக்கு எதிரி இல்லை. ஆனால் பச்சைப் பூண்டு எண்ணெய்க்குள் காற்றில்லாமல் கிடப்பது பாட்டுலிசம் என்ற உணவு நச்சுநோயைத் தரும் கிருமிக்கு வசதியான இடம். பி.எச். 4.6க்கு மேல் இருந்தால் அது வளர முடியும். பூண்டைத் தனியாக எலுமிச்சைச் சாற்றில் அரைத்து ஊறவிட்டு, பரிமாறும் அன்று மட்டும் கலக்கிறோம். முழுக் கலவையையும் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். முட்டை இல்லை என்பதற்காக வெளியே வைக்கலாம் என்று அர்த்தமில்லை. கடலை நீர் கிருமிக்கும் நல்ல சாப்பாடு.

கடையில் விற்பதற்கு இந்த வீட்டு அளவு போதாது. பி.எச். தாளின் அரைப் புள்ளித் துல்லியத்தை நம்பி வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாது. பி.எச். மீட்டரும், அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகத்தில் கிருமிச் சோதனையும் முடிந்த பிறகே தம்பி இதைக் கவுண்டரில் வைப்பான். அதுவரை கடையில் பாக்கெட்தான், இது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில். அடுத்து மாதுளம் தோலை எடுக்கப் போகிறேன். ஜூஸ் கடைகளில் கூடை கூடையாக வீணாகிறது, டானினும் நிறைய. மஞ்சள் நிறம் மயோவில் ஏறுமா என்பதுதான் பார்க்க வேண்டியது.